கார்த்திகையில் விட்ட எடையைத் தையில் எடுப்பது எப்படி: இடைவெளி விட்டவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கடலூரில் ஜிம் காலியாகும் மாதம் எது என்று எந்த மாஸ்டரைக் கேட்டாலும் யோசிக்காமல் கார்த்திகை என்பார். பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். மீதிப் பேரை மழை பார்த்துக்கொள்ளும். ஒரு புயல் கரையைக் கடந்தால் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓ.டி. (பழைய டவுன்) வரை கரண்ட் இருக்காது. தரைத்தளத்து ஜிம் என்றால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். அப்புறம் தை பிறந்ததும் எல்லோரும் ஒரே வாரத்தில் திரும்பி வந்து, கண்ணாடி முன்னால் நின்று, "பாடி இறங்கிப் போச்சுண்ணே" என்று ஒரே வசனத்தைச் சொல்வார்கள்.

நானும் சொன்னவன்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ஜிம் மூடியது, வீட்டு வேலை சேர்ந்தது, ஆறு வாரம் ஓடிவிட்டது. பொங்கல் முடிந்து போன முதல் நாள், விட்ட இடத்திலேயே தொடரலாம் என்று ஸ்குவாட்டுக்கு, அதாவது பார் என்ற இரும்புக் கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுவதற்கு, 100 கிலோ ஏற்றினேன். முதல் செட், அதாவது நிறுத்தாமல் போடும் ஒரு சுற்று, அழகாக வந்தது. பலம் எங்கேயும் போகவில்லை என்று மகிழ்ந்து இன்னும் நான்கு செட் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் பாத்ரூமில் உட்கார முடியாமல் கதவைப் பிடித்துத் தொங்கினேன். அதிலிருந்து தேற இன்னும் பத்து நாள் ஆனது. ஆறு வார இடைவெளி என்னிடமிருந்து எடுத்ததைவிட அந்த ஒரு மாலைநேரம் எடுத்தது அதிகம்.

இந்த வழிகாட்டி அந்த மாலைநேரம் உங்களுக்கு வராமல் இருப்பதற்காக. இடைவெளியில் உடம்பு என்ன இழக்கிறது, இடைவெளியின்போது என்ன செய்யலாம், திரும்பும்போது எத்தனை கிலோவில் தொடங்க வேண்டும் என்ற வரிசையில் போவோம்.

படி 1: உண்மையில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் போவது மூச்சு. வெள்ளிக் கடற்கரை மணலில் வழக்கமாக ஓடுபவர்கள் மூன்று வாரம் நிறுத்திவிட்டு ஓடிப் பார்த்தால் தெரியும், பாதி தூரத்திலேயே வாய் திறந்துவிடும். பயிற்சியை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதனால் அதே வேகத்துக்கு அது அதிகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது.

பலம் அப்படி அவசரப்படுவதில்லை. பல மாதங்களாக ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்கு, முதல் மூன்று நான்கு வாரங்களில் தூக்கும் எடை பெரிதாகக் குறையாது. 1993-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், எடைப் பயிற்சியில் நன்றாகப் பழகிய வீரர்களை 14 நாள் எடையைத் தொடாமல் இருக்கச் சொன்னார்கள். பெஞ்ச் பிரஸ்ஸும் (படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே எடையைத் தள்ளுவது) ஸ்குவாட்டும் 2 சதவீதம்கூடக் குறையவில்லை. ஆனால் எடையைத் தாங்கிக்கொண்டே மெதுவாக இறக்கும் பலம் 12 சதவீதம் குறைந்திருந்தது. இந்த இரண்டாவது எண்ணை மனதில் வையுங்கள். என்னைக் கதவில் தொங்கவிட்டது அதுதான், அதற்கு நான்காம் படியில் வருகிறேன்.

அப்படியானால் பத்து நாளிலேயே சட்டைக் கை லூசாகிறதே, அது என்ன? பெரும்பாலும் தண்ணீர். தசைக்குள் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு ஆளின் தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 400, 500 கிராம் அளவுக்கு இந்தச் சேமிப்பு உண்டு. பயிற்சி நின்றால் அது குறைகிறது, கூடவே தண்ணீரும் இறங்குகிறது. விரதத்தில் சாப்பாடு பாதியானால் இன்னும் சீக்கிரம். திரும்பி வந்து ஒரு வாரம் ஒழுங்காகச் சோறு சாப்பிட்டுப் பயிற்சி செய்தால் இது நிரம்பிவிடும். கண்ணாடியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐந்தாறு வாரத்துக்கு மேல் போனால் உண்மையான தசையும் கொஞ்சம் குறையத் தொடங்கும். அதோடு, கனமான எடையில் ஒற்றை ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது) போடும் நுணுக்கமும் மழுங்கும். மூளையும் நரம்பும் சேர்ந்து எல்லாத் தசை நார்களையும் ஒரே நேரத்தில் இழுக்கும் பழக்கம் அது. பார் கைக்கு அந்நியமாகத் தெரியும். 80 கிலோ 90 மாதிரி இருக்கும். இந்தப் பழக்கம் சில நாள் பயிற்சியிலேயே திரும்பிவிடுகிறது.

நீண்ட இடைவெளிக்கும் நல்ல செய்தி உண்டு. ஃபின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் 2024-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு 20 வாரம் தொடர்ந்து எடை தூக்கியது. இன்னொரு குழு 10 வாரம் தூக்கி, 10 வாரம் முழுக்க நிறுத்தி, மறுபடி 10 வாரம் தூக்கியது. கடைசியில் பலத்திலும் தசை அளவிலும் இரு குழுவும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றன. நிறுத்திய குழு, இழந்ததை முதல் ஐந்து வாரத்திலேயே பிடித்துவிட்டது. அதற்கு முன்பே ஜப்பானில் ஆறு வாரம் பயிற்சி, மூன்று வாரம் ஓய்வு என்று 24 வாரம் ஓட்டிப் பார்த்தும் இதே மாதிரிதான் வந்தது.

காரணம் என்ன? பயிற்சியில் தசை நார் வளரும்போது அதற்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. நார் மெலிந்தாலும் அவை நீண்ட காலம் அங்கேயே தங்கிவிடுவதை நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகக் குழு எலிகளில் காட்டியது. அது 2010-ல். மனிதர்களில் இது எவ்வளவு பொருந்தும் என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதம் எப்படி முடிந்தாலும், முதல்முறை ஒரு வருடம் எடுத்த எடை இரண்டாம் முறை இரண்டு மூன்று மாதத்தில் வருவதை எந்தப் பழைய ஜிம்மிலும் பார்க்கலாம்.

படி 2: உங்கள் இடைவெளி எந்த வகை?

எல்லா இடைவெளியும் ஒன்றில்லை. மாலை போட்டு 48 நாள் ஜிம்முக்குப் போகாதவர் வேலைக்குப் போகிறார், படியேறுகிறார், கோயிலுக்கு நடக்கிறார். அவருடைய தசைக்கு வேலை இருக்கிறது. சிப்காட்டில் ஷிப்ட் மாறி ஜிம் நேரம் ஒத்துவராமல் போனவரும் அப்படித்தான்.

படுக்கையில் கிடந்தவர் கதை வேறு. நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை கரைந்தது. வெறும் பத்து நாளில். அதனால் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தால், டாக்டர் அனுமதித்த அன்றே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க வையுங்கள். அவருக்கு அதுதான் ஸ்குவாட்.

காய்ச்சல் தனி வகை. மழை முடிந்தால் இங்கே டெங்கு வரும், சிக்குன்குனியா வரும். காய்ச்சல் இருக்கும்போது எடை தூக்குவது வீரமில்லை. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் வீங்கவைக்கும், அந்த நேரத்தில் கடும் உழைப்பு ஆபத்து. காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சுவலி, படபடப்பு, சாதாரண நடைக்கே மூச்சுவாங்கல் இருந்தால் ஜிம் பக்கம் போகாமல் டாக்டரைப் பாருங்கள். டெங்கு என்றால் ரத்தத் தட்டணுக்கள் பழைய நிலைக்கு வந்துவிட்டன என்று அவர் சொன்ன பிறகுதான் பாரைத் தொட வேண்டும். சிக்குன்குனியாவில் மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கலாம். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டுக்கு எடை கொடுக்காதீர்கள்.

பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்து ஒரு கைக்கு மாவுக்கட்டு போட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நிறையப் பேருக்குத் தெரியாது. நல்ல கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தாலும் கட்டுப்போட்ட கையின் பலம் கரைவது குறைகிறது. நரம்பு மண்டலம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது என்பதால் வரும் லாபம் இது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, நல்ல கையில் டம்பெல்லைத் தொடருங்கள். ஒரு கை மட்டும் பெருத்துவிடும் என்று பயப்படாதீர்கள்.

பிரசவத்துக்குப் பின் திரும்புவதும் அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்புவதும் இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. அதற்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

படி 3: இடைவெளியிலும் வாரம் ஒரு முறை

முழுக்க நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கு இது. பலத்தைக் கூட்டுவதற்கு ஆகும் உழைப்பில் சிறு பங்கு போதும், இருப்பதைக் காப்பாற்ற. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் 16 வாரம் பயிற்சி கொடுத்துவிட்டு, அப்புறம் 32 வாரத்துக்குப் பயிற்சியின் அளவை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்கள் தசையையும் பலத்தையும் தக்கவைத்துக்கொண்டார்கள். 60-ஐத் தாண்டியவர்களுக்குப் பலம் நின்றது, ஆனால் தசையின் அளவைக் காக்க அது போதவில்லை. ஆகவே வயதானவர்கள் வாரம் இரண்டு நாளாவது விடாமல் இருப்பது நல்லது.

இங்கே ஒரு நிபந்தனை. குறைப்பது செட்டிலும் நாட்களிலும் இருக்கட்டும், எடையில் கை வைக்காதீர்கள். பழைய எடையில் வாரத்துக்கு ஒரு முறை, பெரிய பயிற்சிகளில் மட்டும் ஓரிரு செட். 25 நிமிடத்தில் முடிந்துவிடும். பாதி எடையை வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் ஆட்டுவதைவிட இது பலத்தைக் காக்கும்.

ஜிம்மே தண்ணீரில் கிடக்கிறது என்றால் வீட்டில் பாருங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் நிறைந்திருந்தால் 20 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை இருக்கிறது. பழைய பள்ளிக்கூடப் பையில் புத்தகத்தை அடைத்து முதுகில் மாட்டி, பின்காலைக் கட்டில் மேல் வைத்து, ஒரு காலில் உட்கார்ந்து எழுந்தால் 100 கிலோ ஸ்குவாட் போடுபவருக்கும் தொடை நடுங்கும். தண்டாலை, உடம்பைக் கைகளுக்கு முன்னால் சாய்த்து, மூன்று விநாடி இறக்கி, மெதுவாகப் போடுங்கள். நம் ஊர்களில் இளவட்டக்கல்லையும் கர்லாக்கட்டையையும் வைத்துக்கொண்டு ஆள் வளர்ந்த காலம் ஒன்று இருந்தது. முதுகுத் தசைக்குத்தான் வீட்டில் வழி குறைவு. உறுதியான மொட்டை மாடிக் கம்பி ஏதாவது இருந்தால் தொங்கி இழுக்கலாம், துருப்பிடித்த கம்பி வேண்டாம்.

சாப்பாட்டில் புரதம் குறையக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது எடை தூக்குபவர்களுக்குச் சொல்லப்படும் அளவு. இடைவெளியில் அதற்கு அருகில் இருந்தாலே போதும். சாதாரண நாளில் மத்தி மீனும் முட்டையும் இருக்கும் ஊர், கஷ்டமில்லை. மாலை போட்டவருக்கு அவை கிடையாது. அவருக்கு மீல் மேக்கர் பெரிய உதவி. காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் சுமார் 25 கிராம் புரதம். கூடவே கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர், பன்னீர், பருப்பு. சுண்டலை மட்டும் நம்பினால் வயிறு நிறையும், கணக்கு நிறையாது. வேகவைத்த 100 கிராமில் 8, 9 கிராம்தான் இருக்கிறது.

இதெல்லாம் முடியவில்லையா? சரி, விட்டுவிடுங்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்ட முழு ஓய்வு யாரையும் கவிழ்க்காது. பல மாதம் விடாமல் தூக்கியவருக்கு வலித்துக்கொண்டிருந்த தோளும் முழங்கையும் அதில் ஆறுவதுகூட உண்டு.

படி 4: திரும்பும் முதல் நாள்

முழு வழிகாட்டியில் இதை மட்டும் படித்தாலும் போதும்.

எடையைத் தூக்குவதைவிட, அதைத் தாங்கி இறக்கும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய சேதம் வருகிறது. தொடர்ந்து பயிற்சியில் இருப்பவரின் தசை அந்தச் சேதத்துக்குப் பழகி ஒரு கவசம் போட்டுக்கொள்ளும். அதனால்தான் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு நான்கு நாள் பிடித்துக்கொள்வதும், பழைய ஆளுக்கு ஒன்றும் ஆகாததும். இடைவெளியில் இந்தக் கவசம் மெல்லத் தேய்கிறது. பலமோ அப்படியே இருக்கிறது. பழைய எடையைத் தூக்க முடியும், ஆனால் அதன் சேதத்தைத் தாங்க முடியாது. எனக்கு நடந்தது இதுதான். முதல் செட் அழகாக வந்ததே, அதுதான் பொறி.

வலி அன்றைக்கே வராது என்பது இன்னொரு சிக்கல். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஆகவே "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று முதல் நாளே செட்டைக் கூட்டாதீர்கள்.

எங்கே தொடங்குவது? நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு வாரம் விட்டவர் அப்படியே தொடரலாம், சிலர் முன்பைவிட நன்றாகவே தூக்குவார்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் பழைய எடையில் 85 முதல் 90 சதவீதம், ஒரு செட் குறைவு. ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை என்றால் 65 சதவீதம், பயிற்சிக்கு இரண்டே செட். மூன்று மாதத்தைத் தாண்டியவர் பாதி எடை. ஆறு மாதத்துக்கு மேல் போனவர் வெறும் பாரிலிருந்து புதியவரைப் போலத் தொடங்கி, வாரா வாரம் புதியவரைவிட வேகமாக ஏற்றலாம். சந்தேகம் என்றால் ஒரு படி கீழே எடுங்கள்.

முதல் வாரம் எந்தச் செட்டும் முடியாத நிலை வரை போகக் கூடாது. இன்னும் நான்கு ரெப் வரும் என்று தோன்றும்போதே பாரை வைத்துவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர் "இன்னும் ரெண்டு ப்ரோ" என்று கத்துவார். அவர் உங்களுக்குப் பதிலாகப் படியேற மாட்டார்.

ஜிம் வெள்ளத்தில் மூழ்கி மறுபடி திறந்திருந்தால், தூக்குவதற்கு முன் சாமானைப் பாருங்கள். கடல்காற்றில் ஏற்கெனவே துருப்பிடிக்கும் ஊர் இது, தண்ணீரும் சேர்ந்தால் கேபிள் இழைகள் உள்ளேயே அறுந்திருக்கும். பெஞ்சின் அடிப்பலகை ஊறி உப்பியிருக்கிறதா என்று கையால் அழுத்துங்கள். டிரெட்மில்லை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை தொட வேண்டாம்.

படி 5: ஐந்து வார ஏற்றம்

அமெரிக்காவில் கல்லூரி வீரர்களைப் பயிற்றுவிப்போரின் சங்கங்கள் 2019-ல் கூட்டாக ஒரு விதி சொன்னார்கள். இடைவெளியிலிருந்து திரும்பும் வீரருக்கு உடல்தகுதிப் பயிற்சியின் அளவை முதல் வாரம் 50 சதவீதம் குறை, இரண்டாம் வாரம் 30. எடைக்கு அதை அப்படியே எடுக்காமல், முதல் வாரத்தை இன்னும் இளக்கி நான் போட்டுக்கொண்ட அட்டவணை இது. முன்பு ஸ்குவாட்டில் 100 கிலோ, 5 ரெப், 4 செட் போட்டு, 48 நாள் விட்ட ஒருவருக்கு:

முதல் வாரம் 65 கிலோ, 6 ரெப், 2 செட்.
இரண்டாம் வாரம் 75 கிலோ, 5 ரெப், 3 செட்.
மூன்றாம் வாரம் 85 கிலோ, 5 ரெப், 3 செட்.
நான்காம் வாரம் 92.5 கிலோ, 5 ரெப், 4 செட்.
ஐந்தாம் வாரம் பழைய 100 கிலோ.

பெஞ்சுக்கும் டெட்லிஃப்டுக்கும் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) இதே சதவீதம்தான். வாரத்தில் மூன்று நாள், உடம்பு முழுவதற்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். திங்கள் முழுக்க நெஞ்சு, செவ்வாய் முழுக்க முதுகு என்று பிரிக்கும் முறைக்கு மூன்றாம் வாரத்துக்குப் பின் போகலாம். ஒரே தசைக்கு ஒரே நாளில் பதினைந்து செட் கொடுப்பது திரும்பும் வாரத்தில் மோசமான யோசனை. நடுவில் ஒரு வாரம் எடை கூடவில்லை என்றால் அதே எடையில் இன்னொரு வாரம் நில்லுங்கள். தசை சீக்கிரம் தயாராகும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் வரும். மூன்றாம் வாரத்தில் முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே வலி வருவது பெரும்பாலும் அந்த வேக வித்தியாசத்தால்தான்.

மூச்சுக்கு வாரம் இரண்டு நாள் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை வேகநடை. முதல் வாரமே மணலில் ஓட வேண்டாம், கெண்டைக்கால் கேட்காது.

படி 6: எப்போது பயப்பட வேண்டும்

சாதாரணப் பிடிப்பு மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். நடந்தால் கொஞ்சம் தளரும். ஆனால் தசை கல்லாக வீங்கி, வலி நாளுக்கு நாள் கூடி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வெந்நீர் ஒத்தடத்தில் நேரம் போக்காதீர்கள். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட்டோ தண்டாலோ போட்டவர்களுக்கு இது நடந்திருக்கிறது. பிடிப்பு வலிக்கு வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் தூக்குவது இந்த ஆபத்தைக் கூட்டும்.

படி 7: அடுத்த கார்த்திகைக்கு முன்

இடைவெளி வரப்போவது தெரிந்தால், ஐப்பசி கடைசி இரண்டு வாரம் கொஞ்சம் கூடுதலாகவே உழையுங்கள். அப்புறம் வரும் ஓய்வை உடம்பு நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். விடும் நாளில் ஒவ்வொரு பயிற்சிக்கும் எத்தனை கிலோ, எத்தனை ரெப், எத்தனை செட் என்று எழுதுங்கள். மேலே சொன்ன சதவீதக் கணக்கு முழுவதும் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

என் நோட்டு ஜிம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது, வெள்ளத்தோடு போய்விட்டது. அந்த 100 கிலோ நான் ஞாபகத்திலிருந்து ஏற்றியது. இரண்டு மாதம் கழித்து, நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய போட்டோ ஒன்றில் அந்தப் பக்கம் கிடைத்தது. நவம்பரில் நான் போட்டுக்கொண்டிருந்தது 92.5.